களத்தில் அடுக்கிய ஓடுகள்

உமுவெகே,
இமோ மாநிலம், நைஜீரியா.
12.10.1980

என் அன்புக்குரிய சுல்பிகாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் இங்கு நலம். நீயும் மகள் ஸம்ஸியாவும், என் உம்மாவும் அங்கு நலமாக இருக்க ஐந்து நேரமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வந்து சேர்ந்ததற்கு அடித்த தந்தி கிடைத்திருக்கும். பள்ளிக்கூடம் ஊருக்கு வெளியே, செம்மண் பாதையோரம் இருக்கிறது. தனிக் குவாட்டர்ஸ் தந்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் நம் ஆட்கள் இல்லை. ஜும்ஆவுக்கு டவுனில் வடக்கத்தி முஸ்லிம் வியாபாரிகள் இருக்கும் தெருவுக்குப் போய் வருகிறேன்.

சாப்பாடுதான் கஷ்டம். மரவள்ளி மாவைக் களியாகக் கிண்டி, குழம்பில் தோய்த்து விழுங்குகிறார்கள். மெல்லக் கூடாதாம். நான் மென்றதைப் பார்த்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பள்ளிக்கூட வாசலில் கடை வைத்திருக்கும் அடாகு என்ற கிழவிதான் எனக்குச் சமைத்துத் தருகிறாள். மீன் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இங்கே தாய்மாரை ‘மாமா’ என்று கூப்பிடுவது வழக்கம். நானும் அவளை ‘மாமா அடாகு’ என்கிறேன். மௌத்தாகிப்போன உன் வாப்பா இதைக் கேட்டிருந்தால் என்னை என்ன நினைத்திருப்பாரோ தெரியாது.

இந்தப் பள்ளிக்கூடம் வெள்ளைக்காரப் பாதிரிமார் கட்டியது. அந்த நாளில் ஒரு பிள்ளை தன் பாஷையில் ஒரு வார்த்தை கதைத்துவிட்டால் கழுத்தில் பலகை ஒன்றைத் தொங்கவிட்டு வெயிலில் நிறுத்துவார்களாம். அந்தப் பலகை இன்றும் பிரின்சிபலின் அறையில் கிடக்கிறது. என் வகுப்பில் கிறிஸ்டோபர் என்று ஒருவன். வீட்டில் அவனுக்கு வேறு பெயர். அதைச் சொல்லச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்கிறான். ஊரார் வைத்திருந்த மரச் சிலைகளையும் முகமூடிகளையும் பாதிரிமார் குவித்துக் கொளுத்தினார்களாம். அதில் வேலைப்பாடு நல்லதாகத் தெரிந்தவற்றை மட்டும் கப்பலேற்றி விட்டார்களாம். சிலை வணக்கம் நமக்கு ஆகாது, அது வேறு பேச்சு. ஆனால் அடுத்தவன் வீட்டுக்குள் நுழைந்து, இது வேண்டும் இது வேண்டாம் என்று தரம் பிரிக்க இவர்கள் யார்?

நீ தனியாக இருக்கிறாய் என்று யோசிக்காதே. தம்பி கலந்தர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வான். அவன் சொற்படி நட.

உன்,
காலிதீன்

•

கல்முனைக்குடி,
09.11.1980

ஸம்ஸியாவின் வாப்பாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கடிதம் கண்டு நெஞ்சு குளிர்ந்தது. நாங்கள் நலம். உங்கள் உம்மாவுக்கு மட்டும் கால் வீக்கம்; மாமி உங்கள் தங்கச்சி வீட்டிலிருந்து இரண்டு தெரு நடந்து வந்து என்னிடம்தான் எண்ணெய் போட்டுக்கொண்டு போகிறார். உங்களைப் பற்றியே கதை. மரவள்ளிக் களி என்று வாசித்துக் காட்டினேன். “இஞ்ச நெத்தலி சரியில்லெண்டு கோப்பையத் தள்ளின புள்ள, அங்க போய் மெல்லாம முழுங்குறானாம்” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மழை தொடங்கிவிட்டது. சூறாவளிக்குப் பிறகு நீங்கள் போட்ட ஓடு நன்றாகத்தான் இருக்கிறது, ஓரிடத்திலும் ஒழுகவில்லை. அந்தக் காற்றில் கூரை பறந்து நாம் மூவரும் கட்டிலுக்குக் கீழே கிடந்தோமே.

ஒரு விஷயம். போன கிழமை கலந்தர் தம்பி அளவு நாடாவும் இரண்டு மேசன்மாருமாக வந்து நம் வீட்டு வளவை அளந்தார். ஏன் தம்பி என்றேன். “சும்மாதான் மச்சி, காக்கா அளக்கச் சொன்ன” என்றார். நீங்கள் எனக்கு ஒன்றும் எழுதவில்லையே. கிணற்றடியையும் அளந்தார், குசினியையும் அளந்தார்.

ஸம்ஸியாவுக்கு மருதமுனையிலிருந்து ஒரு பேச்சு வருகிறது. பெடியன் கைத்தறி வைத்திருக்கிறான், தொழுகையாளி. வீட்டைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். குமர்ப் பிள்ளைக்கு வீடு இருக்கிறதென்ற தைரியத்தில்தான் நான் நிமிர்ந்து பதில் சொன்னேன். என் உம்மா எனக்குத் தந்த வீடு. நான் என் மகளுக்குக் கொடுப்பேன். வேறென்ன இருக்கிறது எனக்கு?

அளந்தது ஏனென்று மறக்காமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
சுல்பிகா

•

உமுவெகே,
20.12.1980

அன்பு சுல்பிகாவுக்கு,

ஸலாம். உன் கடிதம் வந்த அன்று மாமா அடாகு எனக்கொரு கதை சொன்னாள். உனக்குச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

வெள்ளைக்காரன் வருமுன் இந்த ஊர்களில் ராஜா கிடையாது. ஆண்களுக்கு ஒரு கூட்டம், பெண்களுக்கு ஒரு கூட்டம். சந்தை பெண்களின் கையில். வெள்ளைக்காரன் வந்து, ஆட்சி செய்ய எனக்கு ஊருக்கொரு தலைவன் வேண்டும் என்று கண்டவனைப் பிடித்து, ஒரு கடதாசியும் ஒரு தொப்பியும் கொடுத்து, நீதான் தலைவன் என்றானாம். பெண்களின் கூட்டத்தை அவன் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. கடதாசி கிடைத்தவன் ஊரான் வீட்டுப் பெண்ணையும் ஆட்டையும் தனதென்று எடுக்கத் தொடங்கிவிட்டான்.

பெண்களிடம் அதற்கொரு பழைய மருந்து இருந்தது. ஒரு ஆண் பெண்ணுக்கு அநியாயம் செய்தால் ஊர்ப் பெண்களெல்லாம் திரண்டு அவன் வாசலில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். அவன் செய்ததைப் பாட்டாகக் கட்டிப் பாடுவார்கள். உலக்கையால் சுவரில் இடிப்பார்கள், கூரையைப் பிடுங்குவார்கள். தப்பை ஒப்புக்கொண்டு திருப்பிக் கொடுக்கும்வரை எழும்ப மாட்டார்கள்.

ஐம்பது வருடத்துக்கு முன், பெண்களுக்கும் வரி வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, இந்தப் பகுதிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் போய் அரசாங்கக் கச்சேரி வாசலில் உட்கார்ந்தார்கள். தலைவர்களின் தொப்பியைக் கழற்றித் தரச் சொன்னார்கள். வெள்ளைக்காரன் பட்டாளத்தைக் கூப்பிட்டுச் சுட்டான். செத்தவர்களில் ஒருத்தி அடாகுவின் தாய். அடாகுவுக்கு அப்போது எட்டு வயதாம். அந்தக் கடதாசித் தலைவனின் பேரன்தான் இன்று எங்கள் பிரின்சிபல். அடாகு அவனுக்கு இன்றுவரை ஒரு சிட்டிகை உப்பு விற்றதில்லை. அவன் காசை நீட்டினால் கிழவி கடையையே மூடிவிடுகிறாள். ஐம்பது வருடக் கோபம் சுல்பிகா. நான் எழும்பி நின்று அவளுக்கு மரியாதை செய்தேன்.

வீட்டு விஷயம். கலந்தரின் மில்லுக்கு நெல் காயவைக்கும் களம் போதவில்லை. மில்லுக்குப் பின்வளவில் நம் வீடு இல்லாவிட்டால் களம் ரோட்டுவரை வரும். நானும் அவனும் கூட்டாகச் செய்வதாகப் பேசியிருக்கிறோம். வீட்டை இடித்துக் களம் போடட்டும். நான் வந்ததும் உனக்கு மாடி வீடு கட்டித் தருவேன். அதுவரை நீயும் மகளும் என் தங்கச்சி வீட்டு விறாந்தை அறையில் இருங்கள். வீட்டு உறுதிப் பத்திரம் என் பெயரில் இருக்கிறது, ஆகையால் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. நான் பயணம் வருமுன்பே கலந்தருக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் செய்யக்கூடிய எதையும் அவன் என் பெயரில் செய்யலாம். உனக்கு வீண் யோசனை வேண்டாமென்றுதான் அப்போது சொல்லவில்லை.

உன்,
காலிதீன்

•

கல்முனைக்குடி,
18.01.1981

ஸம்ஸியாவின் வாப்பாவுக்கு,

ஸலாம். உங்கள் கடிதத்தை மகளிடம் கொடுக்காமல் நானே திரும்பத் திரும்ப வாசித்தேன். முதல் மூன்று பக்கமும் ஒரு மனிதர் எழுதியதாகவும் கடைசிப் பக்கம் வேறொருவர் எழுதியதாகவும் இருக்கிறது.

உறுதி உங்கள் பெயரில் எப்படி வந்ததென்று உங்களுக்கு நினைவில்லாவிட்டால் நான் சொல்கிறேன். நம் ஊரில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை தலையணையோடு வந்து ஏறுகிறவர். என் வாப்பாவும் என் பெயரில் எழுதத்தான் நொத்தாரிசிடம் போனார். “பொம்புளட பேரில எழுதினா, கச்சேரியில ஒரு அலுவலெண்டா அவளா வந்து நிக்கிற? மருமகண்ட பேரப் போடுங்க மரைக்கார், அதுதான் சட்டத்துக்கு லேசு” என்று நொத்தாரிஸ் சொன்னார். வெள்ளைக்காரன் போனாலும் அவன் எழுத்து முறை போகவில்லை. வாப்பாவும் மருமகன் மாஸ்டர் என்ற பெருமையில் தலையாட்டிவிட்டார். ஊரில் ஒருவரும் அந்தக் கடதாசியைப் பெரிதாக நினைக்கவில்லை. கடதாசி நொத்தாரிசுக்கு, வீடு பெண்ணுக்கு என்று இருந்துவிட்டோம். உங்களைத் தவிர.

கலந்தர் தம்பி காத்திருக்கவில்லை. போன வியாழன் ஒருவர் மௌத்தாகி நான் அந்த மையத்து வீட்டுக்குப் போயிருந்த நேரம் ஆட்களோடு வந்து குசினி ஓட்டைக் கழற்றிவிட்டார். ஸம்ஸியா வாசலில் நின்று அழுதாளாம். திரும்பி வந்தபோது அடுப்புக்குள் மழைத்தண்ணீர். கேட்டேன். “ஓடு எங்கட காக்கா போட்ட ஓடு. அத எடுக்க உங்களுட்டயா கேக்கணும்?” என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். மருதமுனைக்காரர்கள் வருவதாகச் சொன்ன நாளை ஒத்திவைத்துவிட்டார்கள்.

ஒரு முறைதான் கேட்பேன். தம்பிக்கு ஒரு தந்தி அடியுங்கள். நிறுத்து என்று மட்டும் அடித்தால் போதும். நான் இதையெல்லாம் மறந்துவிடுகிறேன்.

பின்குறிப்பாக ஒன்று. அந்தப் பெண்கள் கதை மனதை விட்டுப் போகவில்லை. அவர்கள் எப்படித் தொடங்குவார்கள்? யார் யாருக்குச் சொல்லியனுப்புவார்கள்? ஆண்கள் குறுக்கே வரமாட்டார்களா? உங்களுக்கு நேரமிருந்தால் விவரமாக எழுதுங்கள்.

சுல்பிகா

•

உமுவெகே,
15.02.1981

அன்பு சுல்பிகாவுக்கு,

ஸலாம். குசினி விஷயத்தில் கலந்தர் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டான். இளரத்தம். ஆனால் நீயும் அவனோடு வாய் கொடுத்திருக்கக் கூடாது. தந்தி அடித்துச் செய்கிற விஷயமில்லை இது. களம் போடுவது குடும்பத்தின் நன்மைக்கு. பெண்களுக்குத் தூரத்தில் உள்ள நன்மை தெரியாது. அறுவடை முடியுமுன் நீ விறாந்தை அறைக்குப் போய்விட்டாயென்று நல்ல பதில் எழுது.

நீ கேட்ட விவரம். உனக்கு இதில் இவ்வளவு ஈடுபாடு வந்தது எனக்கு மிகவும் சந்தோஷம். அடாகுவிடம் கேட்டு எழுதுகிறேன். அநியாயம் நடந்தவள் முதலில் தன் வம்சத்துப் பெண்களிடம் சொல்வாள். அவர்கள் தென்னை போன்ற ஒரு மரத்தின் குருத்தோலையை வீடு வீடாகக் கை மாற்றுவார்கள். ஓலை வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வரவேண்டும், வராதவளை மற்றவர்கள் சேர்ப்பதில்லை. ஆண்கள் குறுக்கே போவதில்லை. ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் எல்லோருடைய தாயும் இருக்கிறாள். வெள்ளைக்காரனுக்கு அந்த ஊரில் தாய் இல்லை, அதனால்தான் அவனால் சுட முடிந்தது என்று அடாகு சொல்கிறாள். குற்றம் செய்தவனின் சொந்தத் தாயே வந்து உட்கார்ந்துவிட்டால் கதை முடிந்தது, அதற்குமேல் எவனாலும் தாக்குப்பிடிக்க முடியாதாம்.

எவ்வளவு அழகான ஏற்பாடு பார். இதைத்தான் வெள்ளைக்காரன் குழப்பம் என்று எழுதி வைத்திருக்கிறான்.

உன்,
காலிதீன்

•

கல்முனைக்குடி,
22.03.1981

ஸம்ஸியாவின் வாப்பாவுக்கு,

ஸலாம். நல்ல பதில் எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன், ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று நம் தாய்வழிக் குடிப் பெண்கள் எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டேன். ஓலை அனுப்பவில்லை, வெற்றிலை அனுப்பினேன். கூரையில்லாத குசினியில் பாய் போட்டு உட்காரவைத்து, அடாகுவின் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னேன். நீங்கள் நன்றாக எழுதியிருந்தீர்கள், எனக்குச் சொல்வது சிரமமாக இல்லை. தாயைச் சுட்ட இடம் வந்தபோது ஒருத்தியும் வெற்றிலை மெல்லவில்லை. பிறகு உங்கள் மார்கழிக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தையும் வாசித்துக் காட்டினேன்.

“மறுகா என்ன செய்யச் சொல்ற?” என்று கேட்டார்கள்.

“அவர்ர ஓட்ட அவருக்கே குடுப்பம்” என்றேன்.

மறுநாள் காலையில் ஆள் வைத்து வீட்டு ஓடு முழுவதையும் இறக்கினேன். ஓம், நீங்கள் போட்ட ஓடு முழுவதும். ஒன்றும் உடையாமல் இறக்கச் சொன்னேன். பெண்கள் அதைத் தலையில் சுமந்துகொண்டு முன்ரோட்டால் போனார்கள். போஸ்ட் ஒபீஸ் ஐயாவும், கடைக்காரர்களும் எழும்பி நின்று பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவேண்டியவனின் உம்மாவோ ராத்தாவோ அந்த வரிசையில் ஓடு சுமந்துகொண்டு போகிறாள், என்ன கேட்பான்?

மில்லுக்குள் நுழைந்து, அவித்த நெல் காயவைக்கும் சீமெந்துக் களத்தில் ஓட்டை அடுக்கினோம். சுவரோரம் வைக்கவில்லை. களம் முழுக்கப் பரப்பி அடுக்கினோம். ஒரு சுளகு நெல் காயவைக்க இடமில்லை. அடுக்கிவிட்டு அதற்கு நடுவே உட்கார்ந்தோம். குரவை போட்டோம். கலியாணத்துக்குப் போடும் குரவையை இப்படியும் போடலாம் என்பது எங்களுக்கே அன்றுதான் தெரிந்தது. அங்கேயே கவி கட்டினார்கள்.

காக்கா கடல்கடந்தார்
கலந்தர் கதவுடைத்தார்
தாய்வீட்டுக் கூரையிலே – இவர்
களத்துக்கு வழிபார்த்தார்

ஓடு உங்கட ஓடு
ஒண்டொண்டாத் தந்திட்டம்
வீடு எங்கட வீடு
விட்டிட்டுப் போங்க தம்பி

இப்போது சின்னப் பிள்ளைகள்கூட ரோட்டில் பாடிக்கொண்டு திரிகிறார்கள்.

கலந்தர் வெளியே வந்து கத்தினார். பொலிஸுக்குப் போவேன் என்றார். பெண்கள் கவி பாடினார்கள். மில்லில் நெல் அவிக்கும் பெண்களைப் பார்த்து, “நீங்க வேலையப் பாருங்க” என்றார். பாண்டிருப்பு அன்னப்பிள்ளைதான் அவிக்கிறவர்களுக்குத் தலைவி, தெரியும்தானே. அவள் அடுப்புக் கொள்ளிகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தண்ணீர் ஊற்றினாள்.

“முதலாளி, எங்கட ஊரிலயும் வீடு பொட்டப் புள்ளைக்குத்தான். இண்டைக்கு இவவிட ஓட்டக் கழட்டினா நாளைக்கு ஆருட ஓடு?” என்று சொல்லிவிட்டு முந்தானையை உதறிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்மாரி அறுவடை நேரம். அக்கரைப்பற்றிலிருந்து நெல் மூட்டையோடு வந்த லொறிகள் வாசலில் நின்று பார்த்துவிட்டு வேறு மில்லுக்குத் திரும்பிப் போயின.

இப்படியே நாட்கள் போயின. முறை வைத்துச் சமைத்துக் கொண்டுவந்தார்கள். தொழுகை நேரத்தில் அங்கேயே பாய் விரித்துத் தொழுதோம். பள்ளிவாசல் மரைக்காயர்மார் வந்து பேசிப் பார்த்தார்கள். தம்பி அசையவில்லை. காக்காவின் உத்தரவு என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எங்களில் சிலருக்குக் காய்ச்சல் வந்தது. நான்கூடக் கொஞ்சம் தளர்ந்துவிட்டேன், பொய் சொல்வானேன்.

பிறகு ஒரு காலையில் மாமி வந்தார். உங்கள் உம்மா ஆமினா உம்மா. வீங்கிய காலோடு, தலையில் ஒரே ஒரு ஓட்டோடு. நான் கூப்பிடவில்லை, கூப்பிட எனக்கு முகமில்லை. அவர் களத்தில் ஓட்டை வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்து, கலந்தரைக் கூப்பிட்டார்.

“மகன், நான் இருந்த வூட்ட உங்கட தங்கச்சிக்குக் குடுத்தன். உங்க ரெண்டு பேரையும் பொண்டுகள்ற வூட்டுக்குக் குடுத்தன். வாழத்தான் அனுப்பின, வூட்ட இடிக்கவா அனுப்பின? உங்கட பொண்டாட்டிர உம்மாட வூட்டிலதானே நீங்களும் படுக்கிற? அவ ஓட்டக் கழட்டினா எங்க போவீங்க? என்னட்ட வரேலா. என்னட்ட வூடு இல்ல.”

கலந்தர் உம்மாவை எழும்பச் சொல்லிக் காலைப் பிடித்தார். “எழும்ப மாட்டன். மௌத்தானா இதிலேயே தூக்குங்க” என்றார் மாமி. தம்பி அழுதுவிட்டார். பெரிய ஆம்பிளை, மில் முதலாளி, சின்னப் பிள்ளை மாதிரி மூக்கைச் சிந்தி அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. வாசலில் நின்று என் பிள்ளை அழுததுதான் நினைவுக்கு வந்தது.

“என்ன செய்யணும் மச்சி, சொல்லுங்க” என்றார்.

என்ன செய்யவேண்டுமென்பது எனக்கு உங்கள் மார்கழிக் கடிதம் வந்த அன்றே தெரியும். உங்கள் பெயரில் எதையும் செய்யலாம் என்று அவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்தீர்களே. அன்று பின்னேரமே நொத்தாரிசிடம் கூட்டிக்கொண்டு போனேன். காணியும் வீடும் கிணறும் காய்க்கும் மரங்களும் சகிதம், காலிதீனுக்காகக் கலந்தர் கையெழுத்து வைத்து, மகள் ஸம்ஸியாவுக்கு நன்கொடை உறுதி எழுதியாயிற்று. பதிந்தும் ஆயிற்று. நீங்கள் செய்யக்கூடியதைத்தான் அவர் செய்தார். சட்டச் சிக்கல் எதுவும் இல்லை.

ஓட்டை நாங்கள் திருப்பி எடுக்கவில்லை. களத்திலிருந்து அகற்றுவது தம்பியின் வேலை. கூரைக்குக் குடிப் பெண்கள் கிடுகு பின்னித் தந்தார்கள். மழையும் முடிந்துவிட்டது.

சுல்பிகா

•

உமுவெகே,
19.04.1981

சுல்பிகா,

எழுதிக் கிழித்து எழுதுகிறேன். கட்டின புருஷனின் முகத்தில் கரியைப் பூசிவிட்டாய். ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு ரோட்டில் போனாய். என் கடிதத்தை, நான் உனக்கென்று எழுதியதை, வெற்றிலை தின்கிறவர்களுக்கு வாசித்துக் காட்டினாய். என் உம்மாவை வெயிலில் உட்காரவைத்தாய். நான் வந்து அந்த உறுதியை வழக்காடி உடைக்கத்தான் போகிறேன்.

ஆப்பிரிக்கப் பெண்கள் வெள்ளைக்காரனை எதிர்த்து எழும்பினார்கள். நீ யாரை எதிர்த்தாய்? நான் வெள்ளைக்காரனா?

இன்னொன்றும் கேட்டுக்கொள். மனம் பொறுக்காமல் நடந்ததை அடாகுவிடம் சொன்னேன். வயதானவள், ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வாள் என்று நினைத்தேன். முழுவதையும் கேட்டாள். “அந்த வீட்டை உன் மனைவிக்குக் கொடுத்தது யார்?” என்று கேட்டாள். அவளுடைய தாய் என்றேன். கிழவி எழும்பி என் முன்னாலிருந்த கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சமைப்பதில்லை. நான் போனால் பலகையைப் போட்டுக் கடையை மூடுகிறாள். பிரின்சிபல் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். நான் பாண் வாங்கித் தின்றுகொண்டிருக்கிறேன்.

திருப்திதானே உனக்கு?

காலிதீன்

•

உமுவெகே,
07.09.1981

சுல்பிகாவுக்கு,

ஸலாம். ஐந்து மாதமாக உன்னிடமிருந்து எழுத்து இல்லை. இடையில் எழுதியவற்றுக்கும் பதில் இல்லை. வழக்குப் போடுவதாக எழுதியதைப் பொருட்படுத்தாதே. கோபத்தில் எழுதியது. ஸம்ஸியாவுக்கு மருதமுனைப் பேச்சு என்னவாயிற்று என்றாவது எழுது. கலந்தரும் எனக்கு எழுதுவதில்லை.

காய்ச்சலில் பத்து நாள் படுத்திருந்தேன். பார்க்க ஒருவரும் இல்லை.

காலிதீன்

•

கலந்தர் ரைஸ் மில்,
கல்முனைக்குடி.
14.08.1982

அன்புக்குரிய சுல்பிகாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் வந்து பதினைந்து நாளாகிறது என்பது உனக்குத் தெரியும். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே நம் வாசலுக்குத்தான் வந்தேன். கடப்புக் கதவு பூட்டியிருந்தது. உள்ளே நீ நடமாடும் சத்தம் கேட்டது. மூன்று முறை ஸலாம் சொன்னேன். பதில் சொல்வது கடமையென்பதால் நீ உள்ளுக்குள் சொல்லியிருப்பாய், எனக்குக் கேட்கும்படி சொல்லவில்லை. தங்கச்சி வீட்டுக்குப் போனேன், மச்சான் முகம் கொடுக்கவில்லை. உம்மா சோறு தந்தார், படுக்கச் சொல்லவில்லை. மில்லின் சாக்கு அறையில் படுத்திருக்கிறேன். கல்யாணம் முடித்த நாளிலிருந்து இந்த ஊரில் எனக்கென்று இருந்தது உன் வீடு ஒன்றுதான் என்பது இந்த அறையில் படுத்தபிறகுதான் உறைக்கிறது.

நான் செய்தது அநியாயம். அற்றோணித் தத்துவத்தை உனக்கு மறைத்து எழுதியது அதைவிடப் பெரிய அநியாயம். உனக்கு மட்டுமில்லை, மகளுக்கும் செய்துவிட்டேன். அங்கே குற்றம் செய்தவன் ஒப்புக்கொண்டுவிட்டால் பெண்கள் எழும்பிப் போய்விடுவார்கள். நான் ஒப்புக்கொள்கிறேன், எழுத்தில் தருகிறேன். ஊர் கேட்கவும் சொல்லுகிறேன். என்னை வீட்டுக்குள் எடு. ஒரு மூலையில் இருந்துகொள்கிறேன்.

ஸம்ஸியாவுக்கு நிக்காஹ் நாள் வைத்திருப்பதாக மில்லில் கதைக்கிறார்கள். பெற்ற வாப்பாவுக்கு இது ஊரார் வாயால்தான் தெரியவேண்டுமா?

உன்,
காலிதீன்

•

கல்முனைக்குடி,
17.08.1982

ஸம்ஸியாவின் வாப்பாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். அன்றும் மூன்று முறையும் பதில் சொன்னேன்.

ஒரு மதில் தூரத்துக்கு முத்திரை ஒட்டித் தபாலில் போடுகிறேன். ஆள் மூலம் கொடுத்தனுப்பினால் நான் பேச்சுவார்த்தைக்கு வருவதாக ஊர் நினைக்கும்.

நீங்கள் ஒப்புக்கொண்டதை வாசித்தேன். உண்மையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் ஒப்புக்கொண்டது தோற்றபிறகு. தந்தி ஒன்று அடிக்கச் சொல்லி நான் கேட்டபோது, பெண்களுக்குத் தூரத்து நன்மை தெரியாது என்று எழுதினீர்கள். அன்று இரவு என் மனதில் ஏதோ ஒன்று எழும்பிப் போனது. அது திரும்பி வரும் என்று இந்த ஒன்றரை வருடமும் பார்த்திருந்தேன். வரவில்லை. நீங்கள் கெட்டவர் என்று நான் ஒருவரிடமும் சொல்ல மாட்டேன். உங்கள் மேல் எனக்குள்ள கோபம் குறையவும் இல்லை, குறையவேண்டுமென்று எனக்கு ஆசையும் இல்லை. அது எனக்குத் துணையாக இருக்கிறது.

தலாக் சொல்வதானால் சொல்லுங்கள், காதியார் வீடு தெரு முனையில்தான் இருக்கிறது. நான் கேட்டு வரமாட்டேன்.

ஸம்ஸியாவின் நிக்காஹ் வரும் இருபத்தொன்பதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு. மருதமுனைப் பெடியன்தான். பொறுப்பாக நின்று அவளைக் கொடுக்கவேண்டிய வலி நீங்கள். அதை வேறொருவருக்குக் கொடுக்க எனக்கு உரிமையில்லை, மகளுக்கும் மனமில்லை. வெள்ளைச் சட்டையும் சாரனும் மாமியிடம் கொடுத்து வைத்திருக்கிறேன், உடுத்துக்கொண்டு வாருங்கள். முன் கடப்பால் வரலாம், அன்று திறந்திருக்கும். மண்டபத்தில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மகளைக் கொடுங்கள். பிறகு சம்பந்தி வீட்டாரோடு ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுங்கள். இறைச்சி அதிகம் காரமில்லாமல் ஆக்கச் சொல்லியிருக்கிறேன், உங்களுக்கு வயிறு சரியில்லையென்று மாமி சொன்னார்.

இஷாவுக்குப் பிறகு விருந்தாளிகளை வழியனுப்புவோம். அவர்கள் போகும்போது நீங்களும் போய்விட வேண்டும்.

சுல்பிகா